ஓய்வு நேரம் என்னும் அமானிதம்: முதுமையில் முன்னோர் எதைத் தேர்ந்தார்கள்?

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

எல்லாப் புகழும் அகிலங்களின் இரட்சகனாகிய அல்லாஹ்வுக்கே உரியன. அவனது ஸலாத்தும் ஸலாமும் நம் தலைவர் முஹம்மது நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

நம் குடும்பங்களில் ஏறத்தாழ ஒவ்வொருவருக்கும் ஒரு நாள் வருகிறது. முப்பது ஆண்டு சஃபர் முடிந்து பெட்டியைக் கட்டி ஊர் திரும்பும் நாள். கடைச் சாவியை மூத்த மகனிடம் ஒப்படைக்கும் நாள். கடைசி மகளையும் நிக்காஹ் முடித்து அனுப்பிவிட்டு வீடு ஓய்ந்திருக்கும் நாள். அதற்கு மறுநாள் ஃபஜ்ருத் தொழுகைக்குப் பின் ஓட வேண்டிய இடம் ஏதுமில்லை. சந்திப்போர் எல்லாரும் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்: “பொழுது எப்படிப் போகிறது?” பொழுது என்றாலே அது போவதற்கு உரியது, போக்குவதற்கு உரியது என்ற எண்ணம் அக்கேள்விக்குள் ஊறிக் கிடக்கிறது. நம் முன்னோரின் வரலாற்றைப் புரட்டினால் இதே வயதில், இதே ஓய்வில், அவர்கள் தம்மையே கேட்டுக்கொண்ட கேள்வி வேறாக இருந்ததைக் காண்கிறோம். எஞ்சிய பொழுதை எதில் முதலீடு செய்வது என்பதே அக்கேள்வி.

ஆரோக்கியமும் ஓய்வும் ஆகிய இரு அருட்கொடைகளில் மனிதர்களில் பலர் நட்டமடைகிறார்கள் என நபி (ஸல்) அவர்கள் எச்சரித்ததை இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். புகாரீ ஷரீஃபில் உள்ளத்தை நெகிழச் செய்யும் ஹதீஸ்களின் பாடம் இதைக் கொண்டுதான் தொடங்குகிறது. அதில் வரும் சொல் கடைவீதிக்கு உரியது. பொருளின் பெறுமதி அறியாமல் குறைந்த விலைக்கு விற்றுவிடுபவனையும், அதிக விலை கொடுத்து வாங்கிவிடுபவனையும் அரபு வணிகர்கள் அச்சொல்லால் அழைத்தார்கள். தலைமுறை தலைமுறையாக வணிகம் செய்து வரும் நம் சமுதாயத்திற்கு இதை விரித்துரைக்க வேண்டியதில்லை. சரக்கு இல்லாமல் நட்டமடைபவன் வேறு. கையில் உயர்ந்த சரக்கு இருந்தும் அதன் விலை தெரியாமல் நட்டமடைபவன் வேறு. ஹதீஸ் பேசுவது இரண்டாமவனைப் பற்றி.

பக்தாதின் பேரறிஞர் இமாம் இப்னுல் ஜவ்ஸீ (ரஹ்) அவர்கள் இந்த ஹதீஸுக்குத் தந்த விளக்கத்தை இமாம் இப்னு ஹஜர் அல்அஸ்கலானீ (ரஹ்) தமது ஃபத்ஹுல் பாரியில் எடுத்தாண்டிருக்கிறார்கள். அதன் சாரம் இது: ஒருவருக்கு ஆரோக்கியம் இருக்கும், ஆனால் பிழைப்பின் அலைச்சலில் ஓய்விராது, இன்னொருவருக்கு ஓய்வு இருக்கும், ஆனால் உடல் ஒத்துழைக்காது. இரண்டும் ஒருசேரக் கிடைத்த பின்னும் சோம்பல் மேலோங்கிவிட்டால் அவரே நட்டமடைந்தவர்.

இவ்விரண்டும் ஒன்றுசேரும் காலம் மனித வாழ்வில் மிகக் குறுகியது. இளமையில் ஆரோக்கியம் உண்டு, ஓய்வில்லை. முதுமையின் இறுதியில் ஓய்வு உண்டு, ஆரோக்கியமில்லை. ஐம்பத்தைந்து, அறுபது வயதில் சிலருக்கு இரண்டும் கைகோத்துச் சில ஆண்டுகள் தங்குகின்றன. அறுபது வயது வரை ஆயுள் நீட்டிக்கப்பட்டவருக்கு அல்லாஹ்விடம் சொல்லச் சாக்குப்போக்கு எதுவும் மிஞ்சுவதில்லை என்ற கருத்தில் அமைந்த நபிமொழியையும் இதனோடு சேர்த்துப் படித்தால், அந்தச் சில ஆண்டுகளின் எடை நமக்கு விளங்கும்.

ஓய்வில் யாருக்கெல்லாம் பங்கு உண்டு?

முதலில் ஒரு தவறான புரிதலை நீக்கிவிட வேண்டும். ஓய்வு கிடைத்தவர் முழு நேரமும் தொழுகை விரிப்பிலேயே இருக்க வேண்டும் என மார்க்கம் கோரவில்லை. மதீனாவில் நபி (ஸல்) அவர்கள் ஸல்மான் அல்ஃபாரிஸீ (ரலி) அவர்களையும் அபுத்தர்தா (ரலி) அவர்களையும் சகோதரர்களாக இணைத்திருந்தார்கள். ஒரு நாள் ஸல்மான் (ரலி) தம் சகோதரரின் வீட்டுக்குச் சென்றபோது, அவ்வீட்டுப் பெண்மணி தம் தோற்றத்தில் அக்கறையற்றுச் சோர்ந்திருந்ததைக் கண்டார்கள். அபுத்தர்தா பகலெல்லாம் நோன்பிலும் இரவெல்லாம் தொழுகையிலும் கழிப்பதாகத் தெரிய வந்தது. ஸல்மான் (ரலி) அன்று அவரை நோன்பை விட்டு உண்ண வைத்தார்கள். இரவின் முற்பகுதியில் எழ விடாமல் உறங்க வைத்தார்கள். கடைசிப் பகுதியில் இருவரும் எழுந்து தொழுதார்கள். இறைவனுக்கும் உடலுக்கும் குடும்பத்தாருக்கும் உம்மீது உரிமைகள் உள்ளன, ஒவ்வொருவருக்கும் உரியதைக் கொடுத்துவிடும் என்பதே அவர்கள் சொன்ன அறிவுரை. செய்தி நபி (ஸல்) அவர்களிடம் சென்றபோது, ஸல்மான் சொன்னது உண்மையே என உறுதிப்படுத்தினார்கள்.

ஆக, ஓய்வு நேரம் என்பது பல உரிமையாளர்களைக் கொண்ட கூட்டுச் சொத்து. மனைவிக்கு அதில் பங்குண்டு. முப்பது ஆண்டு வெளிநாட்டில் இருந்துவிட்டு வந்தவரிடம் அவருடைய மனைவிக்கு உள்ள பாக்கி கொஞ்சமன்று. உடலுக்கும் பங்குண்டு, நடையும் உறக்கமும் அதற்குரிய ஹக்கு. சிரிப்பும் உறவாடலும் கூட அனுமதிக்கப்பட்டவையே. இப்பங்குகளையெல்லாம் கொடுத்த பிறகும் நாளில் சில மணி நேரம் எஞ்சுகிறது. முன்னோர்கள் தேர்ந்தெடுத்ததும் நாம் தேர்ந்தெடுக்க வேண்டியதும் அந்தச் சில மணி நேரத்தை எப்படிச் செலவிடுவது என்பதையே.

எண்பது வயதில் ஓத அமர்ந்த இமாம்

ஹதீஸ் விளக்கத்தில் நாம் சந்தித்த இப்னுல் ஜவ்ஸீ (ரஹ்) அவர்களின் வாழ்வே இதற்கு முதல் சான்று. ஏறத்தாழ ஹிஜ்ரி 510-இல் (கி.பி. 1116) பக்தாதில் பிறந்த அவர்கள், பல்லாயிரவர் திரளும் உபதேச மஜ்லிஸ்களை நடத்தியவர்கள், ஏராளமான நூல்களை எழுதியவர்கள். மனத்தில் அவ்வப்போது எழுந்த சிந்தனைகளை அவர்கள் தொகுத்த ‘ஸைதுல் காத்திர்’ என்ற நூலில் ஓய்வு நேரம் பற்றிய கவலை திரும்பத் திரும்ப வருகிறது. சம்பாதிக்க வேண்டிய தேவையே இல்லாத செல்வர்கள் பகல் முழுதும் கடைவீதியில் அமர்ந்து போவோர் வருவோரைப் பார்த்துக் கொண்டிருப்பதையும், சிலர் சதுரங்கத்தில் மூழ்குவதையும், சிலர் ஆட்சியாளர்களின் கதைகளையும் விலைவாசியின் ஏற்ற இறக்கத்தையும் பேசியே நாளைக் கழிப்பதையும் கண்டு அவர்கள் வேதனைப்படுகிறார்கள். எட்டு நூற்றாண்டுகளுக்கு முந்தைய பக்தாதின் காட்சி இது. நம் ஊர்த் தேநீர்க்கடைத் திண்ணைக்கும் கைப்பேசித் திரைக்கும் இது அயலானதாகத் தோன்றவில்லை.

வீட்டுக்கு வந்து வெறும் பேச்சில் நேரத்தை விழுங்குவோர் விஷயத்தில் அவர்கள் கடைப்பிடித்த உபாயம் புகழ்பெற்றது. வருவோரை விரட்டினால் நட்பு முறியும்; அவர்களோடு ஒத்துப்போனால் காலம் வீணாகும். எனவே இயன்றவரை சந்திப்புகளைக் குறைத்தார்கள். தவிர்க்க முடியாமல் யாரேனும் வந்து அமர்ந்தால் அந்நேரத்திற்கென்று சில வேலைகளை ஒதுக்கி வைத்திருந்தார்கள்: காகிதம் வெட்டுதல், நாணல் எழுதுகோல் சீவுதல், ஏடுகளைக் கட்டுதல். இவை செய்தே ஆக வேண்டிய வேலைகள். ஆனால் சிந்தனை தேவைப்படாதவை. விருந்தினரின் மனமும் நோகவில்லை, நேரமும் பாழாகவில்லை. ஹதீஸ் எழுதிய எழுதுகோல்களின் சீவல்களை அவர்கள் சேர்த்து வைத்திருந்ததாகவும், தம் ஜனாஸாவைக் குளிப்பாட்டும் தண்ணீரை அவற்றைக் கொண்டே சூடாக்கும்படி வஸிய்யத் செய்ததாகவும், அவ்வாறே செய்த பின்னும் சீவல்கள் மிஞ்சியதாகவும் வரலாற்றாசிரியர் இப்னு கல்லிகான் குறிப்பிடுகிறார்.

ஆயினும் நம் கவனத்திற்குரிய பகுதி அவர்களின் கடைசி ஆண்டுகளில் வருகிறது. ஹிஜ்ரி 590-இல் (கி.பி. 1194), எண்பது வயதை ஒட்டிய அந்த முதியவர் அரசவைப் பகைமையின் காரணமாகப் பக்தாதிலிருந்து வெளியேற்றப்பட்டு, வாஸித் நகரில் ஒரு வீட்டில் காவலில் வைக்கப்பட்டார்கள். ஐந்து ஆண்டுகள் அங்கே கழிந்தன. பணிவிடைக்கு ஆளில்லை, தாமே சமைத்தார்கள், தாமே துணி துவைத்தார்கள். மஜ்லிஸ் இல்லை, மாணவர் கூட்டமில்லை. நாள் முழுவதும் ஓய்வுதான். ஆனால் அவர்கள் கேட்டுப் பெற்ற ஓய்வன்று, மேலே வந்து விழுந்த ஓய்வு.

இந்த ஓய்வை அவர்கள் என்ன செய்தார்கள்? நாள்தோறும் குர்ஆனை ஓதி முடித்தார்கள். ஆனால் அந்த ஓதலில் சூரா யூசுஃபை மட்டும் விட்டுவிட்டார்கள். யூசுஃப் என்பது பக்தாதில் விட்டுவந்த இளைய மகனின் பெயர். அவன்மீது கொண்ட ஏக்கத்தால் அந்த சூராவை ஓத இயலவில்லை என அவர்களே கூறியதை இமாம் இப்னு ரஜப் (ரஹ்) பதிவு செய்திருக்கிறார்கள். யஃகூப் (அலை) அவர்களின் பிரிவுத் துயரைப் பேசும் சூராவை, அதே பெயருடைய மகனைப் பிரிந்த ஒரு தந்தையால் ஓத முடியவில்லை. பேரறிஞர்களும் நம்மைப் போன்ற தந்தையர்தாம் என்பதை இதைவிட எது உணர்த்தும்?

பின்னர் அதே வாஸிதில் நிகழ்ந்ததை இமாம் தஹபீ (ரஹ்) எழுதி வைத்திருக்கிறார்கள். குர்ஆனின் பத்து கிராஅத்துகளை, அதாவது பத்து ஓதல் முறைகளை, எண்பது வயது இப்னுல் ஜவ்ஸீ அந்நகரின் காரீ இப்னுல் பாகில்லானீ அவர்களிடம் அமர்ந்து ஓதினார்கள். கூடவே அமர்ந்து ஓதியவர் அதே மகன் யூசுஃப். ஹிஜ்ரி 580-இல் பிறந்த அந்த மகனுக்கு அப்போது பதின்மூன்று வயதுக்கு மேல் இருக்க வழியில்லை. உலகம் ‘இமாம்’ என்று அழைத்த ஒருவர், தள்ளாத வயதில், தம் சிறிய மகனுக்கு ஓதல் தோழராக ஓர் ஆசிரியரின் முன் மண்டியிட்டு அமர்ந்த காட்சியை எண்ணிப் பாருங்கள்!

அந்த மகன் வளர்ந்து உபதேசம் செய்யத் தொடங்கிய பின், கலீஃபாவின் தாயாருடைய பரிந்துரையால் தந்தைக்கு விடுதலை கிடைத்தது. ஹிஜ்ரி 595-இல் பக்தாத் திரும்பிய இமாம், 597-ஆம் ஆண்டு ரமலானில் (கி.பி. 1201) வஃபாத்தானார்கள். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

கல் தச்சரிடம் தேடி வந்த ஹதீஸ்

இப்னுல் ஜவ்ஸீ பேரறிஞர். அவரோடு நம்மை எப்படி ஒப்பிடுவது என்று சிலர் கேட்கலாம். அத்தகையோருக்கு விடையாக இன்னொருவரின் வரலாறு இருக்கிறது. அவர் ஆலிமாக வாழ்ந்தவர் அல்லர். திமஷ்க் நகரை ஒட்டிய ஸாலிஹிய்யாவில் கல் வேலை செய்து பிழைத்தவர். அதனாலேயே ‘அல்ஹஜ்ஜார்’, கல் தச்சர், என்று வரலாறு அவரை அழைக்கிறது. இயற்பெயர் அஹ்மத் இப்னு அபீ தாலிப்.

ஹிஜ்ரி 630-இல் (கி.பி. 1233) திமஷ்கில் இப்னுஸ் ஸபீதீ என்ற முஹத்திஸ் புகாரீ ஷரீஃபை வாசிக்கச் செய்து மஜ்லிஸ் நடத்தினார். அக்கால வழக்கப்படி மஜ்லிஸில் அமர்ந்து கேட்ட ஒவ்வொருவரின் பெயரும், சிறுவர்களின் பெயர் உட்பட, ஏட்டில் பதிவு செய்யப்படும். அவ்வாறு கேட்ட சிறுவர்களுள் ஹஜ்ஜாரும் ஒருவர். பிறகு அவர் வளர்ந்தார், உளியைப் பிடித்தார், கல் தச்சர்களுக்குத் தலைவராகவும் இருந்தார். எழுபது ஆண்டுகளுக்கு மேல் அந்தப் பதிவை யாரும் எடுத்துப் பார்க்கவில்லை. ஹிஜ்ரி 706-இல் அவரது பெயர் பதிவில் இருப்பது வெளிப்பட்டது. இப்னுஸ் ஸபீதீயிடம் நேரடியாகப் புகாரீயைக் கேட்ட ஒருவர் இன்னமும் உயிரோடு இருக்கிறார் என்றறிந்த முஹத்திஸ்கள் மகிழ்ச்சியில் திளைத்தார்கள். நடுவில் ஓர் அறிவிப்பாளர் குறைந்தாலே ஸனது உயர்ந்துவிடும் என்பதால் நாலா திசைகளிலிருந்தும் மாணவர்கள் அவரைத் தேடி வந்தார்கள்.

அப்போது ஹஜ்ஜாரின் வயது எண்பதைக் கடந்திருந்தது. வாழ்நாளெல்லாம் கல்லோடு மல்லுக்கட்டிய உடல். ‘எனக்கு என்ன தெரியும்? வேறு பெரியவர்களிடம் போங்கள்’ என்று சொல்லி அவர் ஒதுங்கியிருக்கலாம். அதில் குற்றமும் இல்லை. அவரோ மீதமிருந்த ஆயுளை அமர்ந்து கொடுப்பதற்கென்று ஒதுக்கினார். மாணவர் வாசிப்பார், முதியவர் கேட்டுக்கொண்டிருப்பார். அதன்பின் அறிவிக்கும் அனுமதியை வழங்குவார். கெய்ரோ வரையிலும் பயணம் சென்று மஜ்லிஸ்களில் அமர்ந்தார். அவர் முன்னிலையில் புகாரீ ஏறத்தாழ அறுபது முறை வாசிக்கப்பட்டதாக, அவரிடம் தாமே அமர்ந்து கேட்ட இமாம் இப்னு கஸீர் (ரஹ்) எழுதுகிறார்கள். குளிர்கால நாட்களில் திமஷ்கின் தாருல் ஹதீஸ் அஷ்ரஃபிய்யாவில் அந்த மஜ்லிஸ்கள் நடந்தன. ஹிஜ்ரி 730-இல் (கி.பி. 1329), நூறு வயதைத் தாண்டிய நிலையில் ஹஜ்ஜார் மறைந்தார்.

அவருடைய கடைசி ஆண்டுகளில் புகாரீயைக் கேட்டவர்களுள் ஒரு சிறுமி உண்டு. ஹிஜ்ரி 723-இல் பிறந்த ஆயிஷா பின்த் முஹம்மத் இப்னு அப்துல் ஹாதீ என்பது அச்சிறுமியின் பெயர். ஹஜ்ஜார் மறைந்தபோது அவருக்கு வயது ஏழு. அந்தச் சிறுமி மூதாட்டியாகி, திமஷ்கின் புகழ்பெற்ற முஹத்திஸாவாக ஹிஜ்ரி 816 வரை (கி.பி. 1413) வாழ்ந்தார். நாடு கடந்து வந்து அவரிடம் பாடம் கேட்டவர்களுள் இப்னு ஹஜர் அல்அஸ்கலானீ (ரஹ்) அவர்களும் அடங்குவர்.

இந்தக் கணக்கைச் சற்று நிதானித்துப் பாருங்கள். ஹிஜ்ரி 630-இல் ஒரு சிறுவன் கேட்டது, 816-இல் ஒரு மூதாட்டி மறையும் வரை உயிருள்ள குரலில் நின்றது. நூற்று எண்பத்தாறு ஆண்டுகளுக்கு இருவரே போதுமாயிருந்தனர். அந்த இருவரையும் இணைத்த கண்ணி ஒரு கல் தச்சரின் முதுமை. அவர் தம் எண்பதுகளை ‘ஓய்ந்துவிட்ட காலம்’ எனக் கருதியிருந்தால் அந்தக் கண்ணி அங்கேயே அறுந்திருக்கும்.

இதில் இளையோருக்கும் ஒரு பாடம் உண்டு. ஹஜ்ஜார் தம்மைத்தாமே விளம்பரம் செய்துகொள்ளவில்லை. பழைய ஏட்டைப் புரட்டி, ‘இவர் இன்னும் இருக்கிறாரா?’ என்று கேட்டுத் தேடிச் சென்றவர்கள் பிறர். நம் வீட்டு முதியவர்களிடம் என்ன இருக்கிறது என்று நாம் எப்போதேனும் தேடியிருக்கிறோமா?

குறைத்துக்கொள்ளும் துணிவு

தேர்ந்தெடுத்தல் என்பது ஒன்றை எடுப்பதோடு முடிவதில்லை. மற்றவற்றை விடுவதும் அதில் அடங்கும். இமாம் கஸ்ஸாலீ (ரஹ்) அவர்கள் ஹிஜ்ரி 488-இல் (கி.பி. 1095) பக்தாத் நிஜாமிய்யாவின் தலைமை ஆசிரியர் பதவியைத் துறந்து வெளியேறிய வரலாற்றைப் பலரும் அறிவோம். பலரும் அறியாத பகுதி கடைசியில் இருக்கிறது. சொந்த ஊரான தூஸில் தம் வீட்டை ஒட்டி மாணவர்களுக்கு ஒரு மதரஸாவும் ஸூஃபிகளுக்கு ஒரு தங்குமிடமும் அமைத்து, நேரத்தைப் பகுத்துக்கொண்டார்கள்: குர்ஆன் ஓதுதல், உள்ளத்தைப் பண்படுத்தியோருடன் அமர்தல், பாடம் நடத்துதல். ஹிஜ்ரி 504-இல் பக்தாதின் அதே உயர் பதவி மீண்டும் தேடி வந்தபோது மறுத்துவிட்டார்கள். தூஸில் தம்மை நம்பியிருந்த மாணவர்களும் குடும்பமும் அவர்களுக்குப் போதுமாயிருந்தனர்.

அதைவிட வியப்பூட்டுவது, அந்த இறுதிக் காலத்தில் அவர்கள் புதிதாகக் கையில் எடுத்த பாடம். ஃபிக்ஹு, தத்துவம், தஸவ்வுஃப் எனப் பல துறைகளில் பெயர் நாட்டியவர்கள், புகாரீயையும் முஸ்லிமையும் எடுத்துவைத்து ஹதீஸ் கற்பதில் ஈடுபட்டார்கள் என அவர்களின் காலத்தவரான அப்துல் காஃபிர் அல்ஃபாரிஸீ எழுதுகிறார். தமக்கு எதில் குறைவு இருந்ததோ அதை நிரப்பவே ஓய்வைச் செலவிட்டார்கள். ஹிஜ்ரி 505-இல் (கி.பி. 1111) ஐம்பத்தைந்து வயதில் அல்லாஹ்வின் அழைப்பு வந்தபோது அவர்கள் மாணவராகவும் இருந்தார்கள்.

கஸ்னி நகரில் ஹிஜ்ரி 440-ஐ (கி.பி. 1048) ஒட்டி மறைந்த அல்பிரூனி அவர்களின் இறுதி வேளையும் நினைவுகூரத்தக்கது. மூச்சு இழுத்துக்கொண்டிருந்த நிலையில், பார்க்க வந்த ஃபிக்ஹு அறிஞர் ஒருவரிடம், தாய்வழிப் பாட்டிமாரின் வாரிசுரிமைக் கணக்குப் பற்றி முன்னர் அவர் கூறிய விளக்கத்தைக் கேட்டார்கள். இந்த நிலையிலா என்று வந்தவர் இரக்கப்பட்டார். அறியாமல் உலகை விட்டுப் போவதைக் காட்டிலும் அறிந்து போவது மேலல்லவா என்ற கருத்தில் பிரூனி பதில் சொன்னார்கள். வந்தவர் மஸ்அலாவை விளக்கினார், பிரூனி அதைத் திருப்பிச் சொல்லி மனத்தில் இருத்திக்கொண்டார்கள். விடைபெற்று வெளியே வந்தவர் வழியிலேயே வீட்டின் அழுகுரலைக் கேட்டதாக யாகூத் அல்ஹமவீ பதிவு செய்கிறார். வான்கோள்களையும் இந்தியாவின் நூல்களையும் ஆராய்ந்தவரின் கடைசிப் பாடம், ஒரு பாட்டிக்கு எவ்வளவு பங்கு என்பதாக இருந்தது.

நம் தமிழில் ஒரு முன்மாதிரி

இவையெல்லாம் தொலைதூரத்துக் கதைகள் என எண்ண வேண்டாம். வேலூர் பாகியாத்தில் பயின்ற மௌலானா ஆ.கா. அப்துல் ஹமீது பாகவி (ரஹ்) அவர்கள் 1876-இல் பிறந்து 1955-இல் மறைந்தவர்கள். சமுதாயத் தலைவர் ஆ.கா.அ. அப்துஸ் ஸமது அவர்களின் தந்தையார். குர்ஆன் முழுவதையும் தமிழில் பெயர்க்கும் பணியை ஏறத்தாழ ஐம்பது வயதில் அவர்கள் தொடங்கினார்கள். அது அச்சேறி முழுமையாக மக்கள் கைக்கு வர இருபது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. பொதுவாக மனிதர்கள் பாரத்தை இறக்கி வைக்கும் வயதில் அவர்கள் பாரத்தை ஏற்றிக்கொண்டார்கள். இன்று நம் வீட்டு அலமாரிகளில் இருக்கும் ‘தர்ஜமத்துல் குர்ஆன்’ அந்த முதிய ஆண்டுகளின் விளைச்சல்.

பெயர் பதியப்படாதவர்களும் நம்மிடையே உண்டு. அஸருக்குப் பின் அண்டை வீட்டுப் பிள்ளைகளைத் திண்ணையில் அமர்த்தி அலிஃப், பா சொல்லிக் கொடுத்த பாட்டிமார் நம் ஊர்களில் எத்தனை பேர்! அரபுத்தமிழ் ஏடுகளை ராகத்தோடு ஓதிய அவர்களின் குரல்களை ஏட்டில் பதிந்து வைக்க யாரும் வரவில்லை. அந்தக் குரல்கள் அவர்களோடு கபுருக்குள் சென்றுவிட்டன.

நாம் எதைத் தேர்வது?

மேலே கண்ட வரலாறுகளில் மூன்று ஒற்றுமைகளை நாம் காண்கிறோம்.

முதலாவது, எஞ்சியிருந்த வலிமைக்குப் பொருந்திய வேலையை அவர்கள் தேர்ந்தார்கள். ஹஜ்ஜாரால் உளி பிடிக்க முடியாத காலம் வந்தது. அமர்ந்து கேட்க முடிந்தது. காவலில் இருந்தவரால் மஜ்லிஸ் நடத்த முடியவில்லை, ஓத முடிந்தது. முழங்கால் வலியால் நின்று தொழ இயலாதவருக்கும் நாவு இருக்கிறது; பார்வை மங்கியவருக்கும் செவி இருக்கிறது. படுக்கையில் இருப்பவரின் திக்ரும் துஆவும் அவருடைய குடும்பத்திற்குக் காவல்.

இரண்டாவது, அந்த வேலையில் இளைய தலைமுறையின் கை ஒன்று சேர்ந்திருந்தது. இப்னுல் ஜவ்ஸீக்கு யூசுஃப், ஹஜ்ஜாருக்கு ஆயிஷா, கஸ்ஸாலீக்குத் தூஸின் மாணவர்கள். ஆளுக்கொரு திரையோடு தனித்தனி மூலையில் கழியும் பொழுது அடுத்தவர் கைக்கு எதையும் சேர்ப்பதில்லை. தஜ்வீத் சரியாக வராத தாத்தாவும் பேரனும் ஒரே ஹழ்ரத்திடம் சேர்ந்து ஓதுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எண்பது வயது இமாமுக்கு இல்லாத வெட்கம் நமக்கு எதற்கு? கணக்கு வழக்குத் தெரிந்த வணிகர் பைத்துல்மாலின் ஏட்டைச் சீர்செய்து தரலாம். அதை ஓர் இளைஞருக்குக் கற்றும் கொடுக்கலாம். தையல் தெரிந்த தாய் நான்கு பெண்களுக்கு ஊசி பிடிக்கச் சொல்லித் தரலாம்.

மூன்றாவது, அவர்கள் தேர்ந்தது குறைவு. ஆனால் நீண்ட காலம் விடாமல் செய்தார்கள். அமல்களில் அல்லாஹ்வுக்கு மிக விருப்பமானது குறைவாயினும் தொடர்ந்து செய்யப்படுவதே என்ற நபிமொழியின் கருத்தை நாம் அறிவோம். ஓய்வு பெற்ற முதல் வாரத்தில் பத்துத் திட்டங்கள் போட்டு, முதல் மாதத்தில் ஒன்பதைக் கைவிடுவதைக் காட்டிலும், நாளைக்கு ஒரு பக்கம் குர்ஆனைப் பொருளுணர்ந்து ஓதுவது சிறந்தது. நாற்பத்து நான்கு வயதில் ஃபத்ஹுல் பாரியைத் தொடங்கிய இப்னு ஹஜர் (ரஹ்) அவர்கள் அதை முடித்தபோது வயது அறுபத்தொன்பது. ஹிஜ்ரி 817 முதல் 842 வரை இருபத்தைந்து ஆண்டு ஒரே நூலோடு வாழ்ந்தார்கள்.

இங்கே பிள்ளைகளிடமும் ஒரு சொல் கூற வேண்டியிருக்கிறது. தந்தையிடம் சாவியை வாங்கிக்கொண்ட மகன், அவரைக் கடையின் மூலையில் பத்திரிகையோடு அமர்த்திவிடுவதால் கடமை முடிந்துவிடாது. அவரிடம் ஒரு பொறுப்பைக் கேட்டுக் கொடுங்கள். தாயின் நிலை இன்னும் கவலைக்குரியது. ஆண்களுக்கு ஓய்வு பெறும் நாள் ஒன்று வருகிறது. நம் வீட்டுப் பெண்கள் பலருக்கு அது வருவதேயில்லை. பிள்ளைகளை வளர்த்து முடித்தவர்களிடம் பேரப்பிள்ளைகளையும் அடுப்படியையும் ஒப்படைத்துவிட்டு, ‘உம்மாவுக்கும் பொழுது போகும்’ என்கிறோம். பேரப்பிள்ளைகளை வளர்ப்பது நன்மையே. ஆனால் அது அவர் விரும்பி எடுத்ததா, நாம் அவர்மீது சுமத்தியதா என்று ஒருமுறையாவது கேட்டோமா? ஓத நினைத்த குர்ஆன், போக நினைத்த பெண்கள் மதரஸா, பார்க்க நினைத்த சகோதரி வீடு என்று அவர் மனத்தில் தேங்கிக் கிடப்பவை பல. அவரது நாளிலிருந்து இரண்டு மணி நேரத்தை அவருக்கே திருப்பிக் கொடுப்பதும் பிள்ளைகள் செய்யும் இஹ்ஸான்தான். ஸல்மான் (ரலி) அவர்கள் அபுத்தர்தாவின் வீட்டுக்குள் நுழைந்தபோது முதலில் கவனித்தது அவ்வீட்டுப் பெண்ணின் சோர்வையே என்பதை மறந்துவிட வேண்டாம்.

ஒரு வேலையை முடித்து ஓய்வு கிடைத்தவுடன் அடுத்த முயற்சியில் எழுந்து நிற்கவும், உள்ளத்தை இறைவன் பக்கம் திருப்பவும் சூரா இன்ஷிராஹின் இறுதி வசனங்கள் நபி (ஸல்) அவர்களுக்குக் கட்டளையிடுகின்றன. அந்த சூரா இறங்கிய காலம் மக்காவின் துன்பக் காலம். சிரமத்தோடு இலேசு உண்டு என்று இருமுறை ஆறுதல் சொன்ன பிறகே அந்தக் கட்டளை வருகிறது. வாழ்நாள் சிரமத்திற்குப் பின் அல்லாஹ் நமக்குத் தரும் இலேசுதான் ஓய்வு. அதை யாரிடம் திரும்ப ஒப்படைக்கப் போகிறோமோ அவனே அதைக் கொடுத்தவன்.

யா அல்லாஹ்! எங்கள் ஆயுளின் கடைசிப் பகுதியை அதன் சிறந்த பகுதியாக ஆக்குவாயாக. எங்கள் ஆரோக்கியத்திலும் ஓய்விலும் நட்டமடைந்தோராக எங்களை ஆக்கிவிடாதே. எங்கள் பெற்றோரிடம் உள்ள நன்மைகளைத் தேடிப் பெறும் பிள்ளைகளாக எங்களையும், எங்களிடமிருந்து நன்மையைப் பெறும் பிள்ளைகளாக எங்கள் சந்ததியையும் ஆக்கியருள்வாயாக. ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.